வேலை இருக்கிறது, மெனு பேசவில்லை

சட்டம் கொடுத்த வேலையை மென்பொருள் பறிக்கிறது. இதைக் குற்றச்சாட்டாகவே சொல்கிறோம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 34-ஆவது பிரிவில், அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குகிறது. அதில் 1 விழுக்காடு பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும் உரியது. அந்த ஒதுக்கீட்டில் ஒருவர் வேலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரெயிலிலும் ஒலிப்பதிவிலும் படித்து, சொல்வதை எழுதுபவரைத் தேடிப்பிடித்துத் தேர்வெழுதி, பணி நியமன ஆணையோடு அலுவலகத்துக்குள் நுழைந்தவர் அவர். மேசையில் கணினி இருக்கிறது. திரைவாசிப்பானையும் நிறுவித் தருகிறார்கள். அலுவலக மென்பொருளைத் திறந்து ஆல்ட் விசையை அழுத்துகிறார். கணினி ஒரு சொல்லும் பேசவில்லை. மெனு திறந்துதான் இருக்கிறது. பக்கத்து மேசைக்காரருக்கு அது தெரிகிறது. இவருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. சில வாரங்களில் அவருக்குத் தொலைபேசி எடுக்கும் பொறுப்பு வந்து சேர்கிறது. சம்பளம் வருகிறது, வேலை இல்லை. பதவி உயர்வு பேசப்படும் நாளில் “கணினி வேலை செய்வதில்லை” என்ற ஒரு குறிப்பு போதும், அவர் பின்னுக்குப் போக.

கோப்புகள் காகிதத்தில் இருந்தவரை இந்த ஆபத்துக்கு ஓர் எல்லை இருந்தது. உதவியாளர் படித்துச் சொல்ல, பார்வையற்ற அலுவலர் முடிவெடுக்க, வேலை நடந்தது. இன்று பட்டா மாறுதல், சாதிச் சான்று, ஊதியப் பட்டியல், விடுப்பு விண்ணப்பம், மாணவர் வருகைப் பதிவு எல்லாமே கணினிக்குள் போய்விட்டன. பார்வையற்றவருக்குக் கணினி பெரிய விடுதலையாக வந்திருக்க வேண்டும். திரையில் உள்ளது எழுத்தாக இருந்தால் அதைக் குரலாக்குவது இன்று எளிய காரியம். அந்த விடுதலை மெனு எழுதப்படும் விதத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறது.

விஷயத்துக்குள் கொஞ்சம் போய்ப் பார்ப்பது அவசியம். ஏனென்றால் ‘தொழில்நுட்பப் பிரச்சினை’ என்று ஒரே சொல்லில் இதை மூடிவைத்துவிடுகிறார்கள்.

ஸ்கிரீன் ரீடர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் திரைவாசிப்பான், மனிதக் கண்போலத் திரையைப் பார்த்துப் படிப்பதில்லை. மென்பொருளும் திரைவாசிப்பானும் தமக்குள் பேசிக்கொள்ள விண்டோஸில் ஒரு வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அதை 1997-லேயே ஏற்படுத்தி, விண்டோஸ் விஸ்டா காலத்தில் இன்னும் விரிவாக்கியது. ஒரு மெனு திறந்தால், திறந்தது என்று மென்பொருள் அறிவிக்க வேண்டும். அம்புக்குறி விசையை அழுத்தி அடுத்த வரிக்குப் போனால், இப்போது இந்த வரியில் நிற்கிறோம் என்றும் அறிவிக்க வேண்டும். உடனே திரைவாசிப்பான் விசாரிக்கும்: இதன் பெயர் என்ன? இது மெனு வரியா, பொத்தானா? இப்போது அழுத்தக்கூடியதா, முடக்கப்பட்டதா? இதற்குள் துணை மெனு உண்டா? கிடைத்த விடைகளைக் கோத்து, “சேமி, கன்ட்ரோல் எஸ், ஏழில் மூன்று” என்று குரலில் சொல்லும். விண்டோஸ் தரும் வழக்கமான மெனுவையே நிரலாளர் பயன்படுத்தினால் இத்தனையும் தானாக நடந்துவிடும். அவர் தனியாக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

அவர் அதை விட்டுவிட்டு, பார்வைக்குப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மெனுவைத் தானே வரையும்போதுதான் கேடு தொடங்குகிறது. கோடும் நிறமும் எழுத்தும் வெறும் படமாகத் திரையில் விழுகின்றன. எந்த அறிவிப்பும் போவதில்லை. பெயரைக் கேட்டால் விடை வெறுமை. படக்குறிகள் மட்டும் உள்ள கருவிப்பட்டையில் “பொத்தான், பொத்தான், பொத்தான்” என்றே கேட்டுக்கொண்டிருக்கும். எது சேமிப்பது, எது அழிப்பது? தவறான பொத்தானை அழுத்திவிட்டால் ஒரு விவசாயியின் நிலப் பதிவு என்ன ஆகும்? உலாவியில் இயங்கும் மென்பொருள்களில் இதே நோய்க்கு இன்னொரு வடிவம்: மவுஸ் மேலே போனால் மட்டுமே விரியும் மெனு. விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவர் அதைத் திறக்க வழியே இராது.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான், திரைவாசிப்பானுக்குத் துணையாக எழுதப்படும் ஸ்கிரிப்ட். 1978-ல் சாலை விபத்தில் பார்வை இழந்த அமெரிக்கப் பொறியாளர் டெட் ஹென்டர், 1989-ல் டாஸ் கணினிகளுக்காக ஜாஸ் திரைவாசிப்பானை வெளியிட்டார். பின்னர் விண்டோஸுக்கு வந்த ஜாஸ், ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியாகக் கட்டளைகள் எழுதிக்கொள்ள ஒரு ஸ்கிரிப்ட் மொழியையே தந்தது. ஜாஸின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர், காசு கொடுத்தால்தான் கணினி பேசும் என்ற நிலை அநியாயம் என்று என்விடிஏ என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். அது இன்று உலகம் முழுவதும் இலவசம். மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. அதன் முகப்பைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். அதோடு வரும் இஸ்பீக் குரல் தமிழ் பேசும். விண்டோஸிலேயே வள்ளுவர் என்ற பெயரில் ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது.

என்விடிஏவுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது பைத்தான் மொழியில். பேசாத மென்பொருளின் நிரல்கோப்புக்கு என்ன பெயரோ, அதே பெயரில் ஒரு பைத்தான் கோப்பு எழுதி உரிய இடத்தில் வைத்தால், அந்த மென்பொருள் முன்னுக்கு வரும்போதெல்லாம் என்விடிஏ இந்தக் கோப்பையும் கூடவே இயக்கும். அதற்குள் என்ன எழுதலாம்? பெயரில்லாத பொத்தானுக்குப் பெயர் வைக்கலாம். மெனு திறந்ததை மென்பொருள் அறிவிக்காவிட்டால், வேறு ஏதாவது ஒரு அடையாளத்தைக் கண்காணித்துத் தானே கண்டுபிடிக்கச் சொல்லலாம். எந்த வரி தேர்வாகியிருக்கிறது என்று தெரியாவிட்டால், திரையில் எந்தப் பகுதியின் நிறம் மாறியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லலாம். நான்கு மெனுக்களைக் கடந்து போக வேண்டிய வேலைக்கு ஒரே விசைக் கூட்டை ஏற்படுத்தித் தரலாம். என்விடிஏவிலேயே பைத்தான் கட்டளைகளை எழுதிச் சோதித்துப் பார்க்க ஒரு சாளரம் உண்டு. நின்றிருக்கும் இடத்தைப் பற்றி மென்பொருள் என்ன சொல்கிறது என்று விவரமாகக் காட்டும் பதிவேடும் உண்டு. பள்ளியில் பைத்தான் படித்த ஒரு பிள்ளை சில மாதப் பயிற்சியில் இதைக் கற்றுக்கொள்ள முடியும். பார்வையற்ற பிள்ளையும் முடியும். உலகில் இத்தகைய ஸ்கிரிப்ட்களை எழுதுவோரில் பலர் பார்வையற்றவர்களே.

ஸ்கிரிப்ட்டின் அருமையைச் சொன்ன கையோடு அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இதை எழுதுவதன் காரணமே அதுதான். மென்பொருள் நிறுவனம் அடுத்த பதிப்பில் ஒரு சாளரத்தை இடம் மாற்றினால் ஸ்கிரிப்ட் அன்றே செயலிழக்கும். என்விடிஏவும் ஆண்டுதோறும் வளர்கிறது. ஒவ்வோர் ஆண்டின் முதல் வெளியீட்டிலும், இத்தகைய ஸ்கிரிப்ட்கள் அடங்கிய பழைய துணைநிரல்கள் ஒத்துவராமல் போகலாம். 2020-ல் அது பைத்தானின் புதிய பதிப்புக்கு மாறியபோது, திருத்தி எழுத ஆளில்லாத துணைநிரல்கள் அப்படியே நின்றுபோயின. வீட்டுக்காரர் நினைத்தபோதெல்லாம் பூட்டை மாற்றிக்கொண்டிருக்க, வாசலில் நிற்பவர் ஒவ்வொரு முறையும் புதுச் சாவி ராவிக்கொண்டிருக்கும் கதை இது. ஒரு தன்னார்வலர் இரவெல்லாம் விழித்து எழுதிய சில நூறு வரிகளின் மேல் ஓர் அரசு ஊழியரின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

ஸ்கிரிப்ட் எதற்கு, திரையைப் படமெடுத்து அதிலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் வசதிதான் வந்துவிட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வசதி எழுத்தைச் சொல்லும். எந்த வரி முடக்கப்பட்டிருக்கிறது, நாம் எந்த வரியில் நிற்கிறோம் என்பதைச் சொல்லாது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்பது அடுத்த யோசனை. வட்டாட்சியர் அலுவலகத் திரையில் இருப்பது மக்களின் ஆதார் எண், வருமானம், நிலத் தகராறு. அதைப் படமெடுத்து எங்கோ உள்ள ஒரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பலாமா? ஊழியரின் வசதிக்காகக்கூட அதை அனுமதிக்க முடியாது.

இந்த இடத்தில் டி.வி. ராமனை நினைவுகூர வேண்டும். புனேயில் வளர்ந்து, பதினான்கு வயதில் கண்நீர் அழுத்த நோயால் பார்வையை முழுவதுமாக இழந்து, மும்பை ஐஐடியில் படித்துப் பின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். 1995-ல் அவர் வெளியிட்ட ஈமேக்ஸ்பீக், திரையில் தெரிவதைப் படிப்பதை விட்டுவிட்டு, மென்பொருளுக்குள்ளேயே புகுந்து அது என்ன செய்கிறது என்பதைப் பேசியது. நாட்காட்டியைத் திறந்தால் கட்டங்களில் உள்ள எண்களை வரிசையாக ஒப்பிக்காமல், எந்த நாள், எந்தக் கிழமை என்று சொல்லும். முப்பது ஆண்டுகளுக்கு முன் தனி ஒருவர் செய்து காட்டியதை, கோடிக்கணக்கில் பணம் வாங்கும் மென்பொருள் நிறுவனங்கள் இன்றும் செய்யாமல் இருப்பதற்குத் திறமைக் குறைவு காரணம் இல்லை. யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

தமிழுக்கென்று ஒரு தனித் துயரம் இருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் இன்னும் நம் அலுவலகங்களை விட்டு முழுவதுமாகப் போகவில்லை. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால், கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். கண் உள்ளவருக்குத் தமிழாகத் தெரிவது, திரைவாசிப்பானின் வாயில் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாக விழுகிறது. வானவில் முதலிய பழைய எழுத்துருக்களில் அடித்த சுற்றறிக்கைகளுக்கும் இதே கதி. 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் இதுதான் நிலை. கையெழுத்தும் முத்திரையும் போட்டபின் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக அனுப்பப்படும் ஆணைகள் இன்னும் மோசம். அவற்றுள் எழுத்தே கிடையாது. இணையத்தில் வைக்கும் ஆவணங்கள் இபப் வடிவிலோ எழுத்துணரி செய்த பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த 2017-ஆம் ஆண்டின் விதிகள் 15-ஆம் விதியில் தெளிவாகக் கூறின. அதைப் படித்துப் பார்த்து நடந்த அலுவலகம் எது?

சட்டத்துக்குக் குறைவே இல்லை. தகவல் தொழில்நுட்பம் எல்லாருக்கும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது 2016 சட்டத்தின் 42-ஆம் பிரிவு. அரசு வேலையில் உள்ள மாற்றுத்திறனாளிக்குத் தேவையான ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்பது 20-ஆம் பிரிவு. சேவை வழங்குவோர் அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் விதிகள் வெளியான இரண்டு ஆண்டுகளுக்குள் அவற்றுக்கு இணங்க வேண்டும் என்பது 46-ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. கெடு 2019 ஜூனில் முடிந்தது. மீறினால் 89-ஆம் பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை, மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். தகவல் தொழில்நுட்பப் பொருள்களும் சேவைகளும் அணுகத்தக்கதாக இருப்பதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐஎஸ் 17802 என்ற தரத்தை 2021-ல் வெளியிட்டது. 2023-ல் அது விதிகளிலும் சேர்ந்தது.

இத்தனைக்குப் பிறகும் நிலைமை மாறாததால்தான் உச்ச நீதிமன்றம் பேச வேண்டி வந்தது. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி 2005-ல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு 15(1)-ஆம் விதியே சட்டத்துக்கு முரணானது என்றது. சட்டம் கட்டாயம் என்று சொல்வதை விதி வெறும் பரிந்துரையாக நீர்த்துப்போகச் செய்துவிட்டது என்பது அதன் சாரம். மீற முடியாத குறைந்தபட்ச விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று, வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு தொடர்பான பிரக்யா பிரசூன், அமர் ஜெயின் வழக்குகளில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு இன்னும் ஒரு படி மேலே போனது: டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி. வாழ்வுரிமை என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒன்றை, மெனுவை வரைந்த ஒரு நிரலாளரின் அலட்சியம் மறுக்கிறது.

அமெரிக்காவில் இந்த முடிச்சு அவிழ்ந்த விதம் நமக்குப் பாடம். அங்கே மறுவாழ்வுச் சட்டத்தின் 508-ஆம் பிரிவு 1998-ல் திருத்தப்பட்டு 2001 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகளால் பயன்படுத்த முடியாத மென்பொருளை மத்திய அரசு அலுவலகங்கள் வாங்கக் கூடாது என்பதுதான் அதன் உயிர்நாடி. அரசு பெரிய வாடிக்கையாளர். வியாபாரம் போய்விடும் என்றதும் பெரிய நிறுவனங்கள் தங்கள் மெனுக்களைப் பேச வைத்தன. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2025 ஜூன் 28 முதல் அணுகல் சட்டம் செயலில் இருக்கிறது. அங்கெல்லாம் விற்கப்படும் மென்பொருளை எழுதுவோரில் எத்தனை பேர் சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள்! அயல்நாட்டு அலுவலருக்காகப் பேசும் மெனுவை எழுதத் தெரிந்த அதே கை, நம் ஊழியருக்கு எழுதும்போது மட்டும் ஏன் மறக்க வேண்டும்?

இதை அரூர் என்ற சிறு நகரத்திலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 1,27,000 பேருக்கு மேல். அவர்கள் எல்லாரும் சென்னையில் இல்லை. சித்தேரி மலையடிவாரத்திலும் தீர்த்தமலைப் பக்கத்திலும் மரவள்ளியும் மஞ்சளும் போட்டுப் பிழைக்கும் வீடுகளில் அவர்கள் இருக்கிறார்கள். அப்படியொரு வீட்டுப் பிள்ளைக்குக் கணினிப் பயிற்சி வேண்டுமென்றால் பெற்றோர் தொலைவில் உள்ள பூந்தமல்லியையும் மதுரையையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-ல் மதுரையில் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் எத்தனையோ பேரைப் படிக்கவைத்து ஆளாக்கியிருக்கிறது. ஆனால் அரூரிலிருந்து அது 250 கிலோமீட்டருக்கும் அப்பால். நகரத்தில் உள்ளவருக்கு மெனு பேசாவிட்டால் கேட்க நண்பர்களும் சங்கங்களும் இருக்கும். மொரப்பூரில் ரயில் இறங்கி, பேருந்து மாறி வீடு வரும் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? இங்கே தனியார் வேலையும் குறைவு. சர்க்கரை ஆலை, கூட்டுறவுச் சங்கம், வங்கிக் கிளை, பள்ளி, அரசு அலுவலகம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றிலும் மென்பொருள் பேசாது என்றால், படித்த படிப்பை அந்தப் பிள்ளை எங்கே கொண்டுபோவது?

ஸ்கிரிப்ட் எழுதும் வேலைக்கு ஊர் ஒரு தடையில்லை. கணினியும் இணையமும் இருந்தால் அரூரில் உட்கார்ந்து தமிழ்நாட்டின் எந்த அலுவலக மென்பொருளுக்கும் எழுதலாம். உலக வங்கி உதவியோடு மாற்றுத்திறனாளிகளுக்காகத் தமிழ்நாடு அரசு நடத்தும் உரிமைகள் திட்டத்தில் விழுதுகள் சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் போலவே, திரைவாசிப்பான் ஸ்கிரிப்ட் எழுதும் ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்துவதும் அந்தத் திட்டத்தின் வேலையாக வேண்டும். அந்த இடத்துக்குப் பார்வையற்ற பட்டதாரிகளையே பயிற்றுவித்து எடுக்க வேண்டும். ஓர் அலுவலகத்தில் எழுதப்பட்ட ஸ்கிரிப்ட் மாநிலம் முழுவதும் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்க ஒரு பொதுச் சேமிப்பிடம் வேண்டும். அந்த ஸ்கிரிப்ட்களைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி அலுவலகக் கணினிகளில் நிறுவவிடாமல் தடுக்கும் வழக்கம் ஒழிய, சோதித்து ஒப்புதல் தரும் பொறுப்பை மாநில மின்னாளுமை முகமை ஏற்க வேண்டும்.

அதைவிட முதன்மையானது டெண்டர். இனி தமிழ்நாடு அரசும், உள்ளாட்சிகளும், கூட்டுறவு நிறுவனங்களும் வாங்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும், மவுஸைத் தொடாமல் விசைப்பலகையும் என்விடிஏவும் மட்டும் கொண்டு எல்லா மெனுக்களையும் இயக்கிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை வேண்டும். அந்தச் சோதனையைச் செய்பவர் பார்வையற்ற ஊழியராக இருக்க வேண்டும்; அவர் கையெழுத்தில்லாமல் கடைசித் தவணைப் பணம் போகக் கூடாது. ஏற்கெனவே வாங்கிவிட்ட ஊதிய, வருவாய், கல்வித் துறை மென்பொருள்களைச் சோதித்து, எது பேசுகிறது, எது பேசவில்லை என்ற பட்டியலை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ஆறு மாதத்துக்குள் வெளியிட வேண்டும். பேசாதவற்றைத் திருத்தும் செலவு விற்ற நிறுவனத்துடையது.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் கடையிலோ பள்ளியிலோ வங்கியிலோ சங்கத்திலோ உள்ள கணினியில் என்விடிஏவை இறக்கி நிறுவுங்கள். காசு வேண்டாம், கால்மணி நேரம் போதும். மவுஸை எடுத்து ஓரமாக வையுங்கள், திரையை அணைத்துவிட்டு நீங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருளில் ஆல்ட் விசையை அழுத்திப் பாருங்கள். அது பேசாவிட்டால், அதை விற்றவருக்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் அனுப்புங்கள்.